டெசிஸ்ட் என்ற சொல்லும் எரிக்காத காடும்

காட்டை வெட்டிப் போட்டுவிட்டு, சருகு காயக் காத்திருந்த ஆவணி மாதம் அந்தக் கடதாசி வந்தது. புளியங்குளத்துக்குக் கிழக்கே, அரசாங்கக் காட்டில் களவாக வெட்டின சேனை அது, எரித்து விதைக்கிற காட்டுத்துண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு புருசன் பெண்சாதியோடு நான் பங்குக்கு வேலை செய்தேன். ஊரில் இருந்ததை விற்றுவிட்டு வந்தவர்கள். மழைக்கு முன் எரித்துக் குரக்கன் விதைக்காவிட்டால் அந்த வருசம் சாப்பாடு இல்லை.

ஊருக்கு அரசாங்க அதிகாரியான விதானையார் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு இங்கிலீஷ் கடதாசியை நீட்டினார். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவன். எழுத்துக்கூட்டினேன். டெசிஸ்ட் என்று வந்தது.

"இதென்ன ஐயா?"

"நிப்பாட்டு எண்டு அர்த்தம்."

"அப்ப ஸ்டொப் எண்டு எழுதியிருக்கலாமே?"

"ஸ்டொப் எண்டா நிண்டு மூச்சு விட்டிட்டுத் திரும்பத் தொடங்கலாம். இது, வைச்ச கையை எடு, திரும்ப வைக்காதை எண்டது. அரசாங்கக் கந்தோரில எழுதிற சொல்லு, தம்பி. ஆரும் மாட்டைப் பாத்து டெசிஸ்ட் எண்டு கத்தமாட்டினம். எதிலையிருந்து கையை எடுக்கவேணும் எண்டதும் கூடவே வரும். இதில வெட்டிறதும் எரிக்கிறதும் எண்டு கிடக்கு."

"எழும்பிப் போகவும் சொல்லிக் கிடக்கோ?" என்று பெண்சாதி கேட்டா.

"இல்லை, பிள்ளை. கையைத்தான் எடுக்கச் சொல்லுது."

எங்களில் கையெழுத்து வைக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான். விளங்கியது என்று என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எந்த ஊரிலும் ஒரு மாரிக்கு மேல் தங்காத எனக்கு அதுவே கால்கட்டாகிவிட்டது. காடு எரிந்தால் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். நான் போய்விட்டாலோ, ஓடினவன்தான் கொளுத்தினான் என்பார்கள். புருசன் பெண்சாதியாலும் போக முடியவில்லை. ஆளில்லாத வெட்டுக்காட்டுக்கு எவன் நெருப்பு வைக்கிறானோ அது அவனுக்கு என்பதுதான் அந்தப் பக்கத்து வழக்கம்.

அதனால், எரிக்க வந்த நாங்கள் எரியாமல் காவல் இருந்தோம். கஞ்சி காய்ச்சும்போது ஒருவர் தண்ணீர்க் குடத்தோடு பக்கத்தில் நிற்பார். காற்று எழும்பினால் அடுப்பை அணைத்துவிட்டுப் பட்டினி கிடந்தோம். மரங்கள் வெயிலில் வெடித்துச் சத்தம் போட்டன. ஒரு குச்சி போதும். புருசன் நெருப்புப்பெட்டியை மடியிலிருந்து எடுத்து எடுத்துப் பார்ப்பார். கடைசியில் பெண்சாதி அதைப் பறித்துத் தன் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டா.

புரட்டாதி முடிவில் மழை இறங்கியது. மரமெல்லாம் ஊறிப்போனது. இனி எவனாலும் எரிக்க முடியாது, நான் போனாலும் பழி வராது. மறுநாள் பெண்சாதி அலவாங்கை எடுத்துக்கொண்டு, விழுந்து கிடந்த மரங்களுக்கு இடையில் குழி குத்தினா. விதானையார் வந்து பார்த்தார்.

"என்ன பிள்ளை நடக்குது?"

"வெட்டவுமில்லை, எரிக்கவுமில்லை ஐயா. பூசணி விதை போடுறன்."

"எலி தின்னுமே."

"அப்ப எலிக்கும் ஒரு கடதாசி குடுங்கோ."

அவர் சிரித்தாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் போன பிறகு புருசன் ஈர மரத்தில் குந்தியிருந்து, "பூசணி எத்தினை மாதத்துக்குக் காணும்?" என்று கேட்டார். அவா அடுத்த குழியைக் குத்தினா. நான் மிச்ச விதையை வாங்கிக்கொண்டு மற்றப் பக்கத்தால் தொடங்கினேன்.