ஹெல்மெட்டோடு போட்டுக்கொண்ட ஊசி

போன வாரம் எங்கள் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் என் மானத்தை நானே வாங்கிக்கொண்டேன். இருந்ததே கொஞ்சம்தான்... போனால் போகட்டும்!

எங்கள் சுரங்க டவுன்ஷிப் பள்ளிகளில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடுகிறார்கள். பெற்றோர் கையெழுத்திட்ட படிவம் வேண்டும். அதற்குள் குரூப்பில் ஒரு ஆடியோ — 'இந்த ஊசி ஆபத்து, எல்லோருக்கும் அனுப்புங்கள்!' பேசியவர் யார்? தெரியாது. எந்த ஊர்? தெரியாது. ஆனால் குரலில் அப்படியொரு அழுகை. பிளாக்கே நம்பிவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? வாராவாரம் பத்தி எழுதுகிறவன் ஆயிற்றே! ரூபெல்லா பற்றி முழ நீளத்துக்கு ஒரு கட்டுரை போட்டேன். பதிலுக்கு இரண்டு கைகூப்பும், ஒரு குட்மார்னிங் ரோஜாவும் வந்தன.

பக்கத்து குவார்ட்டர்ஸ் கலை, மகளின் படிவத்தை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தவள் தொடவே இல்லை. மகள் யாழினிக்கு ஏழு வயது. கலைக்கு இப்போது மூன்றாவது மாதம். என் கவலையே அதுதான். யாழினிக்கு ரூபெல்லா வந்தால் சில நாளில் சரியாகிவிடும். அவளிடமிருந்து அம்மாவுக்குத் தொற்றினால்? வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம்... கர்ப்பிணிக்கு இந்த ஊசியைப் போடவும் முடியாது. மகளுக்குப் போடலாம். பள்ளியில் ஊசி போட மறுநாள்தான் கடைசி நாள்.

"நான் எழுதினதைப் படிச்சியாம்மா?" என்று கலையிடமே போய்க் கேட்டேன்.

"படிச்சிகினேதான் இருந்தேங்கண்ணா... தூக்கம் வந்துட்டுது. ஊருக்கே ஊசி போடச் சொல்றீங்களே, நீங்க கடைசியா எப்போ போட்டுகினீங்க?"

மாட்டிக்கொண்டேன்!

வீட்டுக்கு வந்து, உண்மையை அப்படியே டைப் செய்து குரூப்பில் போட்டேன்.

'போன வருஷம் தோட்டத்து வேலி கட்டும்போது காலில் ஆணி குத்தியது. மறுநாள் ஷிப்ட் முடிந்து, மைன்ஸ் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் டி.டி. ஊசிக்குப் போனேன். ஊசியைப் பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது மின்விசிறியை. தலை தப்பியது ஹெல்மெட்டால். மயக்கம் ஊசியால் அல்ல, பயத்தால் — நர்ஸ் இன்னும் ஊசியே போட்டிருக்கவில்லை! அப்பேர்ப்பட்ட நான்தான் முந்தாநாள் என் பையனின் படிவத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். ஊசி போட்ட சாயங்காலமே அவன் ஷட்டில் ஆடினான்.'

அடுத்த நிமிடம் சமையலறையிலிருந்து என் மனைவி: "வழுக்கி விழுந்தேன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?"

குரூப்பில் சிரிப்பு மழை. எனக்கு 'ஹெல்மெட் சார்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. கலை படிவத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். கையெழுத்து போட்டிருந்தாள்.

"ஆடியோல அழுவறவன் யாருன்னே தெரியாதுங்கண்ணா. உங்க லட்சணம்தான் எங்களுக்குத் தெரியுமே! இவ்ளோ பயப்படற ஆளே பெத்த புள்ளைக்குப் போட்டிருக்கீங்க... ஆனா ஒண்ணு, நாளைக்கு நீங்களும் வந்து பக்கத்துல நிக்கணும்."

யோசித்துப் பார்த்தேன். ஊர் பேர் தெரியாத புளுகை ஜெயிக்க, முழ நீளக் கட்டுரை போதாது போலிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கோழை ஒருத்தன் வேண்டும்!

மறுநாள் ஷிப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்கு ஓடினேன். யாழினி கையை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க வேணா அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

திரும்பிக்கொண்டேன். அவளிடமிருந்து ஒரு முனகல்கூட இல்லை. திரும்பிய பக்கத்தில் கலை, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, இத்தனை நாள் அடக்கியிருந்த மூச்சை விட்டாள்.

"சார், நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றார் நர்ஸ்.

உட்கார்ந்தேன்... ஹெல்மெட்டோடுதான்.