எதிர்காலத்துக்குச் சட்டை கிழித்த கதை

சினிமாவில் உடுப்புப் பகுதி என்றால் தைக்கிற வேலை என்றுதான் சனம் நினைக்கும். மலிவுப் படங்களில் அது முக்கால்வாசி கிழிக்கிற வேலை. லண்டன் குட்மேய்ஸில் சாறி பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த நான், ஒரு சிநேகிதி சொல்லி இதற்குள் வந்தேன். நாடு சீரழிந்து, அரசாங்கம் சனத்தை வேட்டையாடுகிற எதிர்காலக் கதைகள்தான் எங்களுக்கு வருகிறவை. அடுத்தவருடைய ரசனைக்கு அளவெடுத்துத் தலையிடி வாங்கியவர்களுக்கு நான் சொல்லுவது விளங்கும். எல்லாம் என் முதல் படத்தில் நடந்தவை.

ஒரே சிறை

கதை நல்ல கதை. பசிக்கிறது என்று அரசாங்கக் கவுன்டரில் நிரூபித்தால்தான் பாண். நிரூபிக்கத் தவறினால் சிறை. பிறகு காட்டுக்குள் ஓடவிட்டுத் துரத்துவார்கள். அதை ஊரே டிவியில் பார்க்கும். ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன்.

ஆறு ஆண்கள், ஆறு பெண்கள். பன்னிரண்டு கைதிச் சட்டைகளையும் ஒரே மாதிரிக் கிழித்து, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துக் கொடுத்தேன். டைரக்டர் முப்பது வயது மதிக்கத்தக்க, மரியாதையான வெள்ளைக்காரர். ஆண்களின் சட்டைகளைப் பார்த்துத் தலையாட்டினார். பெண்களுடையதைத் தோளிலும் இடுப்பிலும் இன்னும் கிழிக்கச் சொன்னார். "எல்லாரும் ஒரே சிறையில்தானே இருந்தார்கள்?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "சிறை ஒன்றுதான். போஸ்டர்தான் வேறு."

துணி தாங்காது

கதாநாயகி ஜெனி நவம்பர் குளிரில் ஈரக் காட்டுக்குள் ஏழு தரம் ஓடினாள். முதல் மூன்று தரமும் டைரக்டர் கிழிக்கச் சொல்லி என்னிடம் வந்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். நாலாவது தரம் அவர் வந்தபோது ஜெனியின் உதடு நீலமாகியிருந்தது. நான் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுவிட்டு, "இனித் துணி தாங்காது, முழுக்கக் கழன்றுவிடும்" என்று பொய் சொன்னேன். அது கூடாரம் தைக்கிற தடித்த துணி. வேலை போய்விடுமோ என்று பயம்தான். அவர் நம்பிப் போய்விட்டார். போர்வையால் அவளைச் சுற்றும்போது ஜெனி என் காதுக்குள் சொன்னாள்: "இந்தத் துணியில் நாயைக்கூடக் கட்டலாம். நன்றி."

வரிசை

பாண் கவுன்டர் காட்சிக்கு வரிசையில் நிற்க வந்தவர்களில் செவன் கிங்ஸ் சாந்தி அக்காவும் ஒருவர். இந்த நாட்டில் அகதியாக ஏற்கச் சொல்லி அசைலம் கேஸ் போட்டுப் பதினொரு வருஷம் அலைந்தவர். மற்றவர்கள் கதறினார்கள், அக்கா ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு பிடித்தபடி பேசாமல் நின்றார். ஏன் அழவில்லை என்று டைரக்டர் என்னைக் கேட்கச் சொன்னார். அக்கா சொன்னார்: "அழுதா நடிக்கிறம் எண்டு ஆபீசர்மார் எழுதுவினம். அழாட்டில் கஷ்டமில்லை எண்டு எழுதுவினம். நாங்கள் சும்மாதான் நிண்டனாங்கள் எண்டு சொல்லும் பிள்ளை."

நான் மொழிபெயர்த்ததை அதிகாரியாக நடித்த கிழட்டு நாடக நடிகரும் கேட்டுக்கொண்டிருந்தார். கமரா ஓடியதும், கத்த வேண்டிய இடத்தில் கத்தாமல், அக்காவின் ஃபைலிலிருந்த கடுதாசியைப் புரட்டிப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் சொன்னதைக் கேட்டு முதலில் எல்லாரும் சிரித்தோம். பிறகு ஒவ்வொருவராகச் சாந்தி அக்காவைத் திரும்பிப் பார்த்தோம். "காலையில் தேநீர் குடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் இது பசி இல்லை, அம்மா. பழக்கம்."

ஒன்றும் நடக்கவில்லை

படம் முடிந்து, வேலை செய்தவர்களுக்கு டூட்டிங்கில் ஒரு சின்ன மண்டபத்தில் போட்டுக் காட்டினார்கள். சாந்தி அக்கா பட்டுச்சேலை உடுத்து வந்திருந்தார். ஓட்டம் வந்தது, இரத்தம் வந்தது, தோளும் இடுப்பும் தாராளமாக வந்தன. கவுன்டர் காட்சி வரவேயில்லை.

வாசலில் டைரக்டரைப் பிடித்துக் கேட்டேன். அவருக்கும் கவலைதான். "அருமையான காட்சி. ஆனால் அதில் ஒன்றுமே நடக்கவில்லையே" என்றார். என்ன சொல்கிறார் என்று அக்கா கேட்க, சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அக்கா கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஓம், ஒண்டும் நடக்கேல்லைத்தான். பதினொரு வருஷம்."

அதற்குப் பிறகு இன்னும் ஐந்து நாசமான எதிர்காலங்களுக்கு உடுப்புக் கொடுத்துவிட்டேன். திரைக்கு வந்த அதிகாரிகள் எல்லாரும் துவக்கை நீட்டிக்கொண்டு வந்தார்கள், ஒருவராவது படிவத்தோடு வரவில்லை.