சட்டைப் பையில் இருந்த பொட்டலம்

கஞ்சா வாசனை எனக்குத் தெரியும். மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் ரூம் பெருக்கியிருக்கிறேன். ஊர் சுற்ற வந்தவர்களில் பகல் பன்னிரண்டு மணிக்கும் படுக்கையை விட்டு எழாதவர்கள் ரூமில் அந்த வாசனை வரும். விடியும்போதே கடலில் நீந்திவிட்டு வந்த ஒருவர் ரூமிலும் வந்தது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கஞ்சா அடிப்பவன் படுத்தே கிடப்பான், படுத்தே கிடப்பவன் கஞ்சா அடிப்பான். இவ்வளவுதான் என் படிப்பு.

இப்போது இருப்பது சிங்கப்பெருமாள் கோயிலில். மாடி ரூமில் இரண்டு பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே நீலச் சட்டை. ஒருவன் எங்கள் மருமகனுக்குத் தூரத்துச் சொந்தம். அவனுக்கு என் பேத்தியைக் கேட்டிருந்தார்கள். ஊரப்பாக்கத்தில் மருந்துக் கடையில் வேலை பார்க்கிற அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருவதாகப் பேச்சு.

"எம்மா, ஒரே வூட்ல கீற. அவன் எப்பிடின்னு பாத்து சொல்லு. நீ சரின்னா சரி," என்று மகள் போனில் சொன்னாள். எனக்குப் போலீஸ் வேலை கிடைத்த மாதிரி இருந்தது.

பார்த்தேன். பையன் மூன்றரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குவான். நாலு மணிக்கு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் நிழலில் பாய் போட்டுப் படுத்துவிடுவான். கண் சிவந்திருக்கும். எழுந்தால் பசி, சாப்பிட்டால் தூக்கம்.

"இன்னாப்பா, எழுந்துக்கிறியா, இல்ல உம்மேல வடகம் பிழிஞ்சி காயப் போடட்டா?"

"போடு ஆயா. வெயிலு படாம இருக்கும்."

கண்ணைத் திறக்காமலே பதில் சொல்கிறவனை எப்படி நம்புவது?

மற்றவன் தங்கமான பையன். விடியற்காலையில் ஏரிக்கரை வரை ஓடிவிட்டு வருவான். மாடியைப் பெருக்குவான். நான் கேட்காமலே சிலிண்டரைத் தூக்கி வைப்பான். ஓவர்டைம் என்றால் முதல் ஆளாகப் போவான். இவன் நமக்குச் சொந்தமாகப் பிறக்கவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

மாடியில் அந்த வாசனை இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள் துணி எடுக்கிற சாக்கில் ஏறினேன். சொந்தக்காரப் பையன் முகத்தில் ஒரு நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். சட்டையை மெதுவாக உருவினேன். அசையவே இல்லை. பையில் கை விட்டால் காகிதப் பொட்டலம். மோந்து பார்த்தேன். லாட்ஜ் வாசனையேதான்.

சட்டையோடு கீழே வந்து மகளுக்குப் போன் போட்டேன். "கையும் களவுமா புடிச்சிட்டேன். வேணாம் இந்த சம்மந்தம்." மகள் பையனின் அம்மாவுக்குச் சொன்னாள். அந்த அம்மாள் தெருவே கேட்கும்படி அழுதாளாம். பையனின் அப்பா போனிலேயே அவனைக் கிழித்தார்.

பையன் இறங்கி வந்து என் முன்னால் நின்றான். முதல்முறையாக அவன் முழு உயரத்தையும் அன்றுதான் பார்த்தேன்.

"ஆயா, நான் அதெல்லாம் தொட்டதே இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு வேலை வுட்டு வந்ததும் பொணம் மாதிரி கெடக்குற?"

வந்த கொட்டாவியை அடக்கிக்கொண்டான். "தூக்கம் வருது ஆயா."

கஞ்சா அடித்தவன்கூட இதைவிட நல்ல பொய் சொல்வானே என்று அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

சாயங்காலம் மின்சார ரயிலில் பேத்தி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. பொட்டலத்தையும் சட்டையையும் அவள் முன்னால் போட்டேன். அவள் சட்டையைத் திருப்பி, பையின் மேலே நூலில் தைத்திருந்த எழுத்தைப் பார்த்தாள்.

"ஆயா, இதுல இருக்கிறது அவரு பேரே இல்ல. அவரு ஃபிரண்டு பேரு."

"அதுல பேரு போட்டுக்கீறாங்களா?"

எனக்கு இங்கிலீஷ் எழுத்து என்றால் பூவேலைதான். கம்பெனிக்காரன் அழகுக்குத் தைத்தான் என்று நினைத்திருந்தேன். தன் சட்டையைத் தேடி எடுக்கக்கூடச் சோம்பல்பட்டு, வெளிச்சத்தை மறைக்கக் கைக்கு எட்டிய சட்டையை எடுத்து முகத்தில் போட்டிருக்கிறான் அந்தப் பையன்.

அந்தத் தங்கமான பையன் வாட்டர் கேனோடு படி ஏறினபோது மடக்கினேன். பொட்டலத்தைப் பார்த்ததும் கேனை இறக்கி வைத்தான்.

"என்னுதுதான் ஆயா. நீ அவன மாட்டி வுட்டத அவன் இப்பத்தான் சொன்னான். நானே வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

"நீயா? நீ எம்மாம் வேலை செய்யிற ஆளு!"

"வேலை செய்யிறவன் அடிக்க மாட்டானா? ஓவர்டைம் முடிஞ்சி வந்தா தலைக்குள்ள மெஷின் ஓடிகினே கீது ஆயா. அது இல்லன்னா தூக்கமே வராது. வுட்டுப் பாத்தேன், முடியல. கம்பெனிக்குச் சொல்லிடாத."

நண்பனைக் காப்பாற்றப் பழியை ஏற்கிறானோ என்று அப்போதும் ஒரு சந்தேகம். "சத்தியமா உன்னுதுதானா?" என்று மூன்று தரம் கேட்டேன். மூன்றாம் தரம் அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பொட்டலத்தைக் கக்கூசில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். டாக்டரிடம் போகச் சொன்னேன். போகிறேன் என்றான். இப்போது அவன் சிலிண்டர் தூக்கினாலும் முறைத்துப் பார்க்கிறேன், அது அவனுக்கு நான் செய்கிற அநியாயம் என்று தெரிந்தும்.

பையனின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். "தப்பு எம்மேலதான், தாயே. உம்புள்ள மேல ஒண்ணும் இல்ல."

"போன்ல சொன்னா ஆச்சா அத்த? எங்க தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சி. இங்க வந்து சொல்லு. பொறவு பூவப் பத்திப் பேசலாம்."

பேத்தி என்னைப் பார்த்தாள். சிரிப்புக் காட்டித் தப்பிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் லீவு போட்டு, அவளே என்னை பஸ்ஸில் கூட்டிப்போனாள். கடலோரம் அவர்கள் ஊர். பையனின் அம்மா கூடவே வர, வீடு வீடாக நின்று சொன்னேன். "எனக்குப் படிக்கத் தெரியல. வேற ஒருத்தன் சட்டையப் பாத்து இந்தப் புள்ள மேல பழி போட்டுட்டேன்."

நாலாவது வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாள் விடவில்லை.

"அதெல்லாம் சரி. ஒண்ணும் இல்லன்னா அவன் எப்பப் பாத்தாலும் ஏன் படுத்துகினே கீறான்?"

பையனின் அம்மா தலை குனிந்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"அவன் சோம்பேறிம்மா! சுத்தமான சோம்பேறி! ஒரு தப்பும் பண்ணாம, சும்மாவே சோம்பேறி! தெருவுல ஒருத்தரு அப்பிடி இருக்கக் கூடாதா?"

மீன்காரம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். பையனின் அம்மா சிரிக்கலாமா வேண்டாமா என்று தடுமாறினாள். பேத்தி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பஸ் ஏற்றிவிட வந்தபோது பையனின் அம்மா சொன்னாள்: "ஞாயித்துக்கெழம வர்றோம். ஆனா அத்த, நீ கொஞ்சம் பின்னாடியே உக்காந்துக்கோ."