நிலாமாறன் பள்ளிக்கு வந்த நாள்

படூர் அடுக்ககத்தின் பழைய பேப்பர்க் குவியலில் நிலாமாறனின் சிறுவர் மர்ம நாவல் ஒன்றைப் பார்த்ததும், கடப்பாக்கத்துப் பள்ளி விழாவில் அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது நினைவுக்கு வந்தது.

நிலாமாறன் என்ற புனைபெயரில் வந்த அந்த வரிசையில் பாதி நாவல்கள் அம்மா எழுதியவை. வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று பதிப்பாளர் எச்சரித்திருந்தார். எனக்கும் அப்பாவுக்கும் மட்டுமே தெரியும். அன்று நிலாமாறன் என்று மேடையேறியவர் யாரோ ஓர் ஆண்.

கோட்டைக் கிணற்றில் சிக்கிய பையன் எப்படித் தப்பிப்பான் என்று ஒரு சிறுமி அவரைக் கேட்டாள். அது அம்மாவின் கதை. அடுத்த பாகம் இன்னும் வரவில்லை. அவருக்கு வியர்த்தது. குட்டு உடைந்துவிடுமோ என்று நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா எழுந்தாள். "இப்பவே சொல்லிட்டா புக்க யாரு சார் வாங்குவா? பசங்க காத்துகினு இருக்கட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் அம்மாவையே பார்த்தார்.

விழா முடிந்ததும் நேரே எங்களிடம் வந்தார். "மீதிப் பாதிய நாந்தான் எழுதறேன்," என்றார் மெல்ல. "பையனக் கிணத்துல தள்ளுனது நீங்கதானா?"

அம்மா தலையாட்டினாள்.

"எப்படிம்மா வெளிய கொண்டாரப் போறீங்க?"

"அதான் எனக்கும் தெரில சார்," என்றாள் அம்மா.

பள்ளி வாசலிலேயே நின்று இருவரும் யோசிக்கத் தொடங்கினார்கள்.