புனிதவதிக்கு ஒரு பிரிண்டர்

புனிதவதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசாங்க மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் பார்த்தவர். கண்ணாடித் தகட்டில் தடவிய ஒரு சொட்டு ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து, அணுக்கள் எப்படி இருக்கின்றன என்று சொல்லும் வேலை. மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் தகட்டை அவரிடம்தான் எடுத்து வருவார்கள். வேலை முடிந்து பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்களுக்கு ஓய்வு கிடையாது. குளித்துவிட்டு, ஒரு கோப்பை தேநீரோடு தபால் தலை ஆல்பத்தை விரித்து உட்கார்ந்துவிடுவார்.

புதுத் தபால் தலைகளை அவர் சேர்க்கவில்லை. உறையில் ஒட்டி, தபாலில் போய், ஊர் முத்திரை தெளிவாக விழுந்தவை மட்டுமே வேண்டும். தைப்பிங், ரவாங், சித்தியவான், பத்து பஹாட் என்று ஊர் ஊராக அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் ஊர்ப் பெயரைச் சின்னதாக எழுதி வைத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் பந்து விளையாட்டு பார்த்துக்கொண்டிருக்கும் கணவர் சிவேந்திரனுக்கு இதில் என்ன சுகம் என்று அப்போதெல்லாம் விளங்கவில்லை. அவர் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர்கள் எந்தக் கப்பலில் எந்த வரிசையில் ஏற வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர். தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வந்தவர். அவர் பழகியதெல்லாம் லோரி அளவுக்குப் பெரிய சாமான்கள்.

இருவரும் ஓய்வு பெற்ற பிறகு புனிதவதியின் கண்ணில் கோளாறு வந்தது. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு வருகிறது என்றார் டாக்டர். ஓரத்தில் இருப்பது தெரியும். நேராகப் பார்த்தால் புகை பிடித்த மாதிரி இருக்கும். கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். சிவேந்திரன் ஒவ்வொரு முறையும் கூடவே போனார். "எப்படி இருக்கு புனிதா?" என்று கேட்டால், "பரவால்லங்க" என்பார். அவரும் நம்பினார்.

ஒரு மாலை புனிதவதி சொன்னார். "என்னங்க, என் ஆல்பத்தையெல்லாம் எங்க தபால் தலை கிளப்புக்குக் குடுத்துடலாம். யாராவது வச்சுக்கட்டும். எனக்குப் போரடிச்சுப் போச்சு."

"சரி, உன் இஷ்டம்" என்றார் சிவேந்திரன். அந்த வாரமே அட்டைப்பெட்டியும் கொண்டுவந்தார்.

பெட்டியில் அடுக்க ஆல்பங்களை எடுக்கப் போனபோது, புனிதவதி பால்கனிக் கதவோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஒரு ஆல்பத்தை மடியில் வைத்திருந்தார். பூதக்கண்ணாடியை ஒரு தபால் தலையின் மேல் பிடித்திருந்தார். சிவேந்திரன் அருகே போய்ப் பார்த்தார். ஆல்பம் தலைகீழாக இருந்தது.

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய், கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு பூச்சோங்கில் இருக்கும் மகள் லோஜினிக்குப் போன் செய்தார்.

"அம்மாவுக்கு எழுத்தெல்லாம் தெரியல போல. ஆல்பத்துல போட்டிருக்கிறது சின்ன எழுத்து. பெரிசா அடிச்சுப் போட்டா தெரியும்ல?"

"தெரியலாம்பா. வீட்டுலயே பிரிண்டர் வாங்கி அடிச்சுப் பாருங்களேன். ஆனா எதுக்கும் அம்மாவைக் கேட்டுட்டு..."

பின்பாதி சிவேந்திரன் காதில் விழவில்லை. மறுநாளே ஒரு லேசர் பிரிண்டரை வாங்கி வந்துவிட்டார். பெட்டியில் வேகமான பிரிண்டர் என்று போட்டிருந்தது; அது போதும் என்று நினைத்தார். ஆனால் புனிதவதியின் ஆல்பம் பழைய காலத்து நான்கு வளைய ஆல்பம். அதன் பக்கம் சாதாரணத் தாளைவிட அகலம். அட்டை மாதிரி கனம். தாள் உள்ளே நுழையவே இல்லை. ஓரத்தை வெட்டிக் கொடுத்தார். பாதியில் மடங்கிச் சிக்கிக்கொண்டது. கடைசியில் மெல்லிய தாளில் ஒரு பக்கம் அடித்து எடுத்து, மனைவி முன்னால் பெருமையாக வைத்தார். தடித்த ஆங்கில எழுத்தில் ஊர்ப் பெயர்கள் தாளை அடைத்துக்கொண்டு நின்றன. தபால் தலைக்கு மூலையில் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்.

புனிதவதி தாளைக் கையில் வாங்கினார். முகம் சிவந்துவிட்டது.

"இது என்ன, கண்டெய்னர் நம்பரா?"

"உனக்குத் தெரியட்டும்னுதான்..."

"எனக்குத் தெரியலன்னு யார் சொன்னா?"

சிவேந்திரன் தயங்கினார். "ஆல்பத்தைத் தலைகீழா வச்சிருந்த, புனிதா."

கீழே தெருவில் யாரோ வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு நடந்து போகும் சத்தம் கேட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் அது காலையும் மாலையும் கேட்கிற சத்தம்தான். பார்வையில்லாதவர்கள் வேலைக்குப் போய் வருகிற தெரு அது. புனிதவதி எழுந்து போய்ப் பால்கனிக் கதவைச் சாத்தினார்.

"கொஞ்ச நாளா அந்தச் சத்தம் கேட்டாலே பயமா இருக்குங்க" என்றார். "அவங்கள்லாம் எவ்வளவு தைரியமா நடக்கிறாங்க. எனக்கு அந்தத் தைரியம் இல்ல."

சிவேந்திரன் பக்கத்தில் வந்து நின்றார். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரவுச் சாப்பாட்டின்போது புனிதவதியே பேச்சை எடுத்தார். "எனக்காகச் செய்யணும்னா என்னைக் கேட்டுச் செய்யுங்க. எழுத்து பெரிசா இருக்கிறது மட்டும் போதாது. அசிங்கமா இருந்தா தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

"சரி. நீயே வந்து பாத்து வாங்கு."

லேசர் பிரிண்டர் லோஜினி வீட்டுக்குப் போனது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்றே, அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கணினிக் கடைக்கு மூவரும் போனார்கள். புனிதவதி கைப்பையில் தன் ஆல்பத்தின் வெற்றுப் பக்கங்கள் சிலவற்றை எடுத்து வந்திருந்தார். சிவேந்திரன் அளவு நாடா கொண்டு வந்திருந்தார்.

கடையில் மலர்விழி என்ற பெண் இருந்தாள். தாளை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"அங்கிள், இவ்வளவு கனமான பேப்பர்னா கீழ இருக்கிற ட்ரேல போகாது லா. அது உள்ள போய் வளைஞ்சு திரும்பி வரும். பின்னால நேரா விடுற மாதிரி மெஷின் வேணும். அகலத்துக்கு ஏ-த்ரீ சைஸ் பாக்கணும்."

"அடிச்சுக் காட்ட முடியுமா?" என்று கேட்டார் புனிதவதி.

"டிஸ்ப்ளேல இருக்கிறதுல அடிக்கலாம் ஆன்டி. என்ன அடிக்கணும்?"

லோஜினி கைப்பேசியில் இருந்து ஒரு பக்கத்தை அனுப்பினாள். முதல் நாளே தாய் சொல்லச் சொல்ல அவள் தயார் செய்தது. ஊர்ப் பெயர்கள் தமிழில் இருந்தன. ஆங்கிலத்தில் எழுதுவதைப் பற்றிப் புனிதவதி கேட்கவே விரும்பவில்லை. வேலையில் எழுதியதெல்லாம் ஆங்கிலம்தான், இதாவது தமிழில் இருக்கட்டும் என்றார். ஒரே வரியை நான்கு எழுத்துருக்களில், மூன்று அளவுகளில் போட்டிருந்தாள்.

முதல் பிரிண்டரில் வந்த தாள் பளபளவென்று அழகாக இருந்தது. படங்கள் அடிப்பதற்கென்றே செய்த மெஷின், பளபளக்கும் தாளைத்தான் அதில் வைத்திருந்தார்கள். புனிதவதி வாங்கி ஒரு பக்கமாகச் சாய்த்தார். "விளக்கு வெளிச்சம் மேல விழுந்து எழுத்தைத் தின்னுடுது" என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு தன் சொந்தத் தாளிலேயே அடித்துத் தரச் சொன்னார். வந்ததும் கைப்பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, விரல் நுனியை நனைத்து, ஓர் எழுத்தின் மேல் அழுத்தித் தேய்த்தார். கறுப்பு நீலமாகக் கலங்கி ஓடியது.

"அம்மா!" என்றாள் லோஜினி.

"லேப்ல லேபல் நனைஞ்சு எழுத்து அழிஞ்சா அது யாரு ரத்தம்னே தெரியாமப் போயிடும். நம்ம ஊரு ஈரத்துல தாளை மூடி வச்சாலே வேர்க்கும். எனக்கு அழியாத மை வேணும்."

மலர்விழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப பிக்மென்ட் மை ஆன்டி. அது தாள் மேலேயே ஒட்டிக்கும், சும்மா தண்ணி பட்டா போகாது. மெஷின் கொஞ்சம் பெரிசு. உள்ள வாங்க."

உள்ளே இருந்தது நிஜமாகவே பெரிதுதான். சிவேந்திரன் நாடாவை எடுத்து அளந்தார். வீட்டில் அதை வைக்கிற இடம் தொலைக்காட்சி மேசை ஒன்றுதான். மலர்விழி கனமான தாளைப் பின்பக்கமாக நிமிர்த்தி விட்டாள். மடங்காமல், சிக்காமல், மெதுவாக வெளியே வந்தது.

புனிதவதி அதைக் கையில் எடுத்தார். இந்த முறை கடைக் கதவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, தாளை முகத்துக்கு ஒரு பக்கமாகப் பிடித்தார். நடுவில் தெரியாததை ஓரத்தால் பார்க்கும் வழக்கம் அவருக்கு எப்போதோ வந்திருந்தது. ஆனால் யார் முன்னாலும் அப்படிப் பார்த்ததில்லை, சிவேந்திரன் முன்னால்கூட. கடைக்குள் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"ரவாங்" என்று வாசித்தார். "தைப்பிங். பத்து பஹாட்." நிறுத்தினார். கண்ணை மூடித் திறந்தார். "கிள்ளான்."

"எந்த எழுத்து வசதியா இருக்கு?" என்று கேட்டாள் லோஜினி.

"மூணாவது. சுழியெல்லாம் திறந்திருக்கு. மத்ததுல ண எது, ன எதுன்னு தெரியல, எல்லாம் ஒரே கறுப்புப் பொட்டு." விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார். எழுத்து அசையவில்லை. "கறுப்புன்னா இதுதாங்க கறுப்பு."

சிவேந்திரன் அந்தப் பக்கம் திரும்பி, விலைச் சீட்டைப் படிப்பதுபோல் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை லோஜினி பார்த்துவிட்டாள், சொல்லிக்காட்டவில்லை.

பிரிண்டர் வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சி சுவருக்குப் போனது. மேசையில் ஒரு பக்கம் சிவேந்திரனும் மறுபக்கம் புனிதவதியும் உட்கார்ந்தார்கள். சிவேந்திரனுக்குத் தமிழில் தட்டெழுத்து வராது. ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினார். புனிதவதிக்குப் படிக்கத்தான் கஷ்டம். எந்தப் பக்கத்தில் எந்தத் தபால் தலை என்பது மனப்பாடம். ஆல்பத்தைப் பார்க்காமலே சொல்வார். இவர் பார்த்துச் சரிபார்ப்பார். ஒருமுறைகூடத் தவறியதில்லை.

சிலாங்கூர் பக்கத்துக்கு வந்தபோது, "ரெண்டாவது வரிசையில பூப்போட்டது ஒண்ணு. முத்திரை கிள்ளான்" என்றார் புனிதவதி.

"ஆமா, இருக்கு. வருசம் எண்பத்தஞ்சு. கீழ என்ன போட?"

"என்னைப் பொண்ணு கேட்டு வந்த கடிதம்னு போடுங்க."

சிவேந்திரனின் விரல் நின்றுவிட்டது. "யாரு எழுதினது?"

"உங்க அம்மாதான். உங்க ஜாதகத்தோட எங்க அப்பாவுக்கு வந்துச்சு. வீட்டுல எல்லாரும் ஜாதகத்தைப் பிரிச்சாங்க. நான் உறையை எடுத்துட்டுப் போய்த் தண்ணியில ஊறவச்சு ஸ்டெம்பைக் கழட்டிட்டேன்."

"அப்பவே சம்மதமா உனக்கு?"

"அப்ப உங்க போட்டோவைக்கூடப் பாக்கல. மாப்பிள்ளை வேணாம்னு ஆனாலும் ஸ்டெம்பு போயிடக்கூடாதுல்ல? முத்திரை அவ்வளவு சுத்தமா விழுந்திருந்துச்சு."

சிவேந்திரன் வாய்விட்டுச் சிரித்தார். இத்தனை வருடங்கள் பக்கத்து நாற்காலியிலேயே இருந்த விஷயம். அதற்குமேல் வேலை ஓடவில்லை. ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்து, "இது எந்த உறையில வந்துச்சு? இது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். புனிதவதி சொல்லிக்கொண்டே இருந்தார்.

பக்கங்கள் ஒன்றொன்றாக வந்தன. இளமஞ்சள் தாள், மெல்லிய கோட்டுக்குப் பதில் தடித்த கட்டம், ஒரு பக்கத்துக்கு ஆறே தபால் தலைகள். ஒட்டும் வேலையைப் புனிதவதி விட்டுக்கொடுக்கவில்லை. இடுக்கியால் எடுத்து, கட்டத்தின் தடித்த விளிம்பை ஓரக்கண்ணால் பிடித்து, தானே வைத்தார். சில கோணலாக அமைந்தன. "இருக்கட்டும்" என்றார். ஒரு காலத்தில் அரை மில்லிமீட்டர் விலகினாலும் பிரித்து ஒட்டியவர்.

நடுவில் பினாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போய், உறவினர் வீடுகளில் தங்கிப் பல நாள் கழித்துத் திரும்பினார்கள். வந்து பார்த்தால் பிரிண்டர் வெள்ளை வெள்ளையாகக் கோடு விட்டது. மை காய்ந்து அடைத்துக்கொண்டதாம். மலர்விழிக்குப் போன் செய்தார் சிவேந்திரன்.

"அங்கிள், அத சும்மா போடக்கூடாது லா. வாரத்துக்கு ஒரு தரமாவது கலர்ல ஒரு பக்கம் அடிச்சுடுங்க."

அதிலிருந்து சனிக்கிழமை காலை ஒரு பக்கம் கட்டாயம் என்றானது. புனிதவதிக்கு ஊசி போட்ட வாரங்களில் மனசு சரியிருக்காது, பேசவே பிடிக்காது. அப்போதும் சிவேந்திரன் மேசையில் உட்கார்ந்து, "மெஷின் அடைச்சுக்கும் புனிதா, ஒரே ஒரு ஊரு சொல்லு" என்பார். அவர் சலித்துக்கொண்டே வந்து உட்கார்ந்து ஒன்றைச் சொல்வார். சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்தமாட்டார்.

கிளப்புக் கூட்டத்துக்குப் புதுப் பக்கங்களை எடுத்துப் போனார்கள். ஆல்பத்தைக் கொடுத்துவிடும் பேச்சு எப்போதோ நின்றிருந்தது. எண்பது வயது கந்தையா, கிளப்பில் எல்லாருக்கும் மூத்தவர், அந்தப் பக்கங்களை நீண்ட நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு புனிதவதியிடம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"தங்கச்சி, எனக்கும் ரெண்டு வருசமா சரியாத் தெரியல. நான் யார்கிட்டயும் சொல்லல."

"நானும் சொல்லாமத்தான் இருந்தேன் அண்ணே" என்றார் புனிதவதி. "உங்க கப்பல் ஸ்டெம்பு ஆல்பத்தைக் கொண்டு வாங்க. எந்த அளவு எழுத்து வேணும்னு அடிச்சுப் பாத்துடுவோம்."

புனிதவதியின் வலக்கண்ணின் நடுவில் இப்போது ஒன்றும் தெரிவதில்லை. இடக்கண் ஊசியால் நிற்கிறது. டாக்டர் அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவில்லை. எழுத்து முதலில் இருந்ததைவிட ஒரு சுற்றுப் பெரிதாகிவிட்டது. பக்கத்துக்கு நாலு தபால் தலைதான் வைக்க முடிகிறது. அதனால் ஆல்பம் கனத்துவிட்டது, இன்னொன்று வாங்க வேண்டும் என்கிறார் சிவேந்திரன். சாயங்காலம் பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, தெருச் சத்தம் உள்ளே வர, இருவரும் கந்தையாவின் கப்பல்களுக்குப் பெயர் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.