பிலோமினாள் கையெழுத்திடாத நானூறு பின்கள்

பிலோமினாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. மதுரை அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையின் சோதனை அறை அவள் பொறுப்பு. விரல் நீள எஃகுப் பின்களை ஒவ்வொன்றாக அளந்து பார்த்து, சரியாக இருந்தால் தாளில் கையெழுத்துப் போடுவாள்.

முன்பு அந்தப் பட்டறை அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை ஒன்றுக்குப் பின்கள் செய்து கொடுத்தது. அங்கிருந்து வரும் ஆய்வாளர், எந்தப் பீரங்கியில் எந்த இடத்தில் மாட்டுவது என்று வரைந்தே காட்டுவார். இப்போது ஆர்டர் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எஃகு ஒரு தேசம், வரைபடம் ஒரு தேசம், பின்கள் போய்ச் சேருவது வேறொரு தேசம். எதில் பொருத்துகிறார்கள் என்று கேட்கக் கூடாது. வேலையைப் பற்றி வெளியில் பேசவும் கூடாது என்று எல்லோரிடமும் எழுதி வாங்கியிருந்தார்கள். கணவன் இறந்த பிறகு அவள் திருநகர் வீட்டில் தனியாக இருந்தாள். கனடாவிலிருந்து மகள் ஆன்சி கூப்பிட்டு, "இன்னைக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டால், வெயிலைப் பற்றித்தான் சொல்வாள்.

போன ஐப்பசியில் கப்பல் தாமதமாகி எஃகு வரவில்லை. முதலாளி குருபிரசாத் உள்ளூர் எஃகு வாங்கி நானூறு பின்களை முடித்துவிட்டார். கூட வைத்த சான்றிதழ் முன்பு வந்த வெளிநாட்டு எஃகினுடையது.

"அளவெல்லாம் சரியா இருக்குல்லம்மா? போட்டு விடுங்க."

"அளவு சரிதான் சார். அவுங்க சொன்ன எஃகு இல்லையே. இதை நம்பி யாரோ ஒருத்தன் எதுலயோ ஏறி உக்காருவான்ல? நான் போட மாட்டேன்."

குருபிரசாத் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் உள்ளதை உள்ளபடியே ஆர்டர் கொடுத்த கம்பெனிக்கு எழுதினார். அவர்கள் பின்களை ஒதுக்கிவிட்டு, புது எஃகு வரும்வரை ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். ஐந்து பேருக்கு வேலை போனது. அதில் முத்திருளனும் ஒருவன். பதினோரு வருடம் அவளோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டவன்.

"நீங்க போட்டிருந்தா எம்புட்டுப் பேரு பொழச்சிருப்போம்க்கா" என்று மட்டும் சொன்னான். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அதன்பின் சாப்பாட்டு நேரத்தில் அவள் அறைப்பக்கம் யாரும் வரவில்லை. அளவுக் கருவிகளை ஒதுக்கி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டாள். ஒருநாள் ஆன்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தவள், எழுதிக் கொடுத்தது நினைவுக்கு வர, திரும்ப வைத்துவிட்டாள்.

தை மாதம் எஃகு வந்தது, ஆர்டரும் வந்தது. மூன்று பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். முத்திருளன் அதற்குள் ஓசூருக்குப் போயிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்ததும் பிலோமினாள் அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேன்க்கா. நீங்க செஞ்சது தப்புன்னு சொல்ல மாட்டேன்க்கா. ஆனா மதுரைக்கு வந்தாலும் அந்தப் பக்கம் வரத் தோணல."

"சரிப்பா" என்றாள். கோவில் வாசலில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. தெரிந்த முகம் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தாள். பிறகு குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.