நேர்ந்துவிட்ட கிடாயும் சௌந்திரத்தின் பப்பாளிக்காயும்

சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயை விற்கக்கூடாது, மாற்றவும் கூடாது. நாமக்கல் பக்கத்துத் தோட்டக்காரர் செல்லமுத்து, மகன் பிறந்ததும் கருப்பனாருக்கு ஒரு கிடாயை நேர்ந்துவிட்டார். ஒரு வருஷம் மழையில்லை, ஒரு வருஷம் பங்காளிகளுக்குள் பேச்சில்லை. விருந்து தள்ளிக்கொண்டே போனது. 1978இல் ஒருவழியாக வெட்டியபோது கிடாய் கிழடு தட்டியிருந்தது. கறி செருப்புத் தோலாக இருந்தது.

அந்த விருந்துக்குத் தலைமைச் சமையல் சௌந்திரம். பிறர் அடுப்புக்கு மசாலா அரைத்தே கை காய்த்தவள், முதன்முறையாகத் தன் பேரில் ஒரு பந்தியை ஒப்புக்கொண்டிருந்தாள். பொம்பளை கையில் ஊர்ச்சோறா என்று சிரித்தவர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். கறி வேகாவிட்டால் திரும்பவும் அம்மிதான்.

கறியை இரண்டு அண்டாவுக்குப் பிரித்தாள். முதல் அண்டா தளதளவென்று கொதிக்கையில் பப்பாளிக்காயை வெட்டிப் போட்டாள். வேகவில்லை. இன்னும் அள்ளிப் போட்டாள். கணவன் சின்னுசாமி ஒரு துண்டை எடுத்து மென்றான்.

“ஏம்புள்ள, இத லாரிக்கு டயரா மாட்டலாம்.”

“சும்மா இருங்க. ஊட்டுல பப்பாளி போட்டா பஞ்சாட்டம் வேகுது. இங்க மட்டும் என்ன கேடு?”

கேட்டவள் சட்டென்று நின்றாள். வீட்டில் அவள் காயைக் கொதியில் போட்டதே இல்லை. அரைத்து, பச்சைக் கறியில் பிசறி, அப்புறம்தான் அடுப்பில் ஏற்றுவாள்.

“கொதி காயோட பாலைக் கொன்னு போட்டுதுங்க! மீதிக் காயத் தோலோட அரைங்க, வெரசா!”

பப்பாளிப் பாலில் இருப்பது ஒரு நொதி. கறியின் கெட்டியான புரதத்தை அது துண்டு துண்டாக அறுத்துவிடும். அடுப்பு மட்டும் என்றால் பொழுது சாயும்வரை ஆகிற வேலையை விரைந்து முடிக்கும். முடித்தும் தான் செலவாகாது. ஓரிடத்தில் அறுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். குளிரில் சோம்பும், இளஞ்சூட்டில் ஓடும், கொதியில் உருக்குலைந்து ஓய்ந்துபோகும்.

மீதிக் கறியில் விழுதைப் பிசறி, கை பொறுக்கும் வெந்நீர் தெளித்து மூடினாள் சௌந்திரம். விட்டால் கூழாகிவிடும் என்பதால் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விரல் இறங்கியதும் அண்டாவை அடுப்பில் ஏற்றினாள்.

முதல் இலை செல்லமுத்து மகனின் தாய்மாமன் வேலுசாமிக்கு. அவர் பந்தலிலிருந்து குரல் கொடுத்தார்: “ஏனுங் மச்சான், கிடா இன்னும் உசுரோட திரியுதா?”

கறி இலைக்கு வந்தது. வேலுசாமி ஒரு துண்டை வாயில் போட்டார். இரண்டாம் தடவையும் கறி கேட்டார். முதல் அண்டா வேகும்வரை அடுப்பிலேயே கிடந்து கடைசிப் பந்திக்கு வந்து சேர்ந்தது.

கை கழுவியதும் வேலுசாமி நேராக அடுப்படிக்கே வந்தார்.

“அம்மிணி, தை மாசம் எங்கூட்டுல காதுகுத்து. ஊரே வரும். உன்னால ஆகுமா?”

சௌந்திரம் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“எத்தன பந்தின்னு மட்டும் சொல்லுங்க.”